பழைய ஜேபிஎல் எல்100 தேடிப் பிடிக்கவா, புது எல்100 கிளாசிக்கே வாங்கிடவா?

சேலத்துல ஸ்டீரியோ வச்சு உக்காந்து பாட்டு கேக்குற கூட்டம் ரொம்பப் பெருசு இல்லீங்க, ஆனா இருக்குறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு என்னைக்காவது ஒரு நாள் ஜேபிஎல் எல்100 ஸ்பீக்கரோட முன்மூடி, அந்த ஆரஞ்சுக் கட்டம் போட்ட ஃபோம் கிரில் கண்ணுல பட்டுடும், அதோட தூக்கம் போச்சு. இப்ப தெரிஞ்சவங்க ரெண்டு பேரு ஒரே சமயத்துல இதுல மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஒருத்தன் அழகாபுரத்துல ஃப்ளாட்டுல இருக்குற தம்பி, ஐடி வேலை, வீட்டுலேருந்தே பாக்குறான், ஹால் பன்னெண்டுக்குப் பதினாலு இருக்கும். இன்னொருத்தர் ஏற்காட்டுல காப்பித் தோட்டத்துக்குள்ள பழைய வீடு வச்சிருக்குற அண்ணன், கல்லுச் செவுரு, உசந்த கூரை, ஹாலுல பந்தி போடலாம், அவ்வளவு பெருசு. ரெண்டு பேரும் கேக்குறது ஒண்ணேதான்: எழுபதுகள்ல வந்த ஒரிஜினல் எல்100 ஜோடி ஒண்ணு தேடிப் பிடிச்சு சரி பண்ணி வச்சுக்கலாமா, இல்ல காசைக் கூடப் போட்டு புது எல்100 கிளாசிக் வாங்கிடலாமா?

இந்தக் காலத்துப் புள்ளைங்ககிட்ட ஜேபிஎல்னு சொன்னா பாத்ரூம்ல தொங்கவிடுற ப்ளூடூத் டப்பாவைக் காட்டுவாங்க, அதனால கொஞ்சம் கதை. ஜேம்ஸ் பி. லான்சிங் 1946ல கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்ச கம்பெனி இது, 1969ல ஹார்மன் கைக்குப் போச்சு, 2017லேருந்து அந்த ஹார்மனே சாம்சங் கையில. அறுபதுகளோட கடைசியில ஸ்டுடியோவுக்குன்னு 4310னு ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் போட்டாங்க, அதையே வால்நட் பெட்டி, ஃபோம் கிரில்லுன்னு மேக்கப் போட்டு 1970ல வீட்டுக்குன்னு விட்டதுதான் எல்100. தங்களோட சரித்திரத்துலயே அதிகமா வித்த மாடல் இதுதான்னு அவங்களே சொல்லிக்குவாங்க. அப்புறம் 2018ல அதே மூஞ்சியோட எல்100 கிளாசிக் வந்துச்சு, அதுக்கப்புறம் அதுலயே மார்க் 2.

நான் ரெண்டு பேருகிட்டயும் முதல்ல சொன்னது, புதுசை பழசோட அடுத்த பதிப்புன்னு நினைக்காதீங்க. கிரில்லை மாட்டிட்டா ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், கழட்டுனா உள்ள சத்தம் போடுற ட்ரைவர்ல ஒண்ணுகூட பொதுவா இல்ல, எந்தச் சத்தம் எந்த ட்ரைவருக்குப் போகணும்னு பிரிக்கிற கிராஸ்ஓவர் போட்ட விதமே வேற. அதனால எது ஒசத்தின்னு கேட்டா பதில் வராது, உங்க ஆம்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) உங்க ரூமுக்கும் எதுன்னு கேட்டா வரும்.

## எதை எதை வச்சுப் பாக்கணும்

ஆம்ப் என்ன இருக்கு, அது முதல் கேள்வி, நம்ம ஆளுங்க கடைசியாத்தான் இதை யோசிக்கிறாங்க. ரெண்டாவது ரூம், அதோட சைஸு மட்டும் இல்ல, தரை என்ன, ஜன்னல் எவ்ளோ, உக்காருற சோஃபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல எத்தனை அடி கிடைக்கும்னு எல்லாம். மூணாவது, ஏதாவது ஆச்சுன்னா யாரு கை வைப்பாங்க. நாலாவது, நீங்க நிஜமா தினமும் கேக்குற பாட்டு, வந்தவங்களுக்குப் போட்டுக் காட்டுற பாட்டு கணக்குல வராது. பணத்தை நான் கடைசியில வைக்கிறேன், ஏன்னா ஸ்பீக்கருக்குக் குடுக்குற காசு மட்டும் செலவு இல்ல, அதைத் தனியா பேசுவோம்.

## பழைய எல்100

உள்ள அடிச் சத்தத்துக்கு இருக்குறது 12 இஞ்சு ஊஃபர், நம்பர் 123ஏ, ஆல்நிகோ காந்தம், கோனை ஆட்டுற கம்பிச் சுருள், அதாவது வாய்ஸ் காயில், 3 இஞ்சு. வெள்ளையா இருக்குற கோன் பெயின்ட் அடிச்சது இல்ல, அக்வாப்ளாஸ்னு ஒரு பூச்சு, கோன் அதிராம இருக்கறதுக்காக. அதுக்கு மேல நடுச் சத்தத்துக்கு 5 இஞ்சு மிட், எல்இ5 வகை. உச்சச் சத்தத்துக்கான ட்வீட்டர் இப்ப நாம பாக்குற டோம் கிடையாது, 1.4 இஞ்சு பேப்பர் கோன், ஆரம்பத்துல எல்இ20, பின்னாடி வந்த செட்டுல எல்இ25.

இதுல முக்கியமான சங்கதி கிராஸ்ஓவர். கிராஸ்ஓவர்னு சொல்றதே கொஞ்சம் அதிகம். ஊஃபருக்கு ஒண்ணுமே கிடையாது, ஆம்ப்லேருந்து வர்ற வயர் நேரா ஊஃபர்ல போய் நிக்குது, அது தன்னால எங்க வரைக்கும் பாட முடியுமோ அங்க வரைக்கும் பாடும். மிட்டுக்கு ஒரு கெப்பாசிட்டர், ட்வீட்டருக்கு ஒரு கெப்பாசிட்டர், ரெண்டையும் கூட்டிக் குறைக்க முன்னாடி ரெண்டு குமிழ், ப்ரெசன்ஸ், ப்ரில்லியன்ஸ்னு பேரு போட்டிருக்கும். அவ்ளோதான். இதனால என்ன ஆகுதுன்னா குரல் இருக்குற இடத்துல ஊஃபரும் மிட்டும் ஒண்ணா சேர்ந்து பாடுது, அதனாலதான் பாடுறவரு ரெண்டு அடி முன்னாடி வந்து நிக்கிற மாதிரி ஒரு எடுப்பு. சீர்காழி குரலை இதுல கேட்டவங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இல்ல. தவில்ல வலந்தலை அடி விழுறப்ப கூடு போட்ட விரல் தோல்ல படுற அந்த 'டக்'குன்ற வெட்டு, வேற ஸ்பீக்கர்ல இந்த அளவுக்கு வராது. ட்ரம்ஸுக்கும் அப்படித்தான், ராக் கேக்குறவங்க இதைக் கும்பிட்டதுக்குக் காரணமே அதுதான்.

ஆனா அதே எடுப்புதான் வில்லங்கமும். வயலின் கூட்டமா வந்து, கூடவே பொம்பளைங்க கோரஸும் உச்சத்துல ஏறுறப்ப காது கூசும். மட்டமான எம்பி3 போட்டா மானத்தை வாங்கிடும், ஒளிச்சு வைக்காது. அடி பேஸும் இந்தக் காலத்து ஸ்பீக்கர் மாதிரி ரொம்பக் கீழ போகாது, போறது மாதிரி ஒரு தோரணை மட்டும் இருக்கும், மேல் பேஸுல கொஞ்சம் சதை போட்டு ஏமாத்தும். எனக்கு அந்த ஏமாத்து பிடிக்கும், அது என் ரசனை, உங்களுக்குப் பிடிக்கணும்னு இல்ல.

அம்பது வருசம் தாண்டின சாமான்ல என்ன கெட்டுப் போயிருக்கும்? ஊஃபரோட சுத்து வளையம் துணி, ஃபோம் இல்ல, அதனால அது பெரும்பாலும் அப்படியே இருக்கும், இது பெரிய நிம்மதி. கிரில் ஃபோம் கண்டிப்பா போயிருக்கும், தொட்டா பொடிப்பொடியா உதிரும். எல்இ25 ட்வீட்டரைச் சுத்தி ஒரு ஃபோம் வளையம் உண்டு, அது உதிராது, உருகும். அஸ்தம்பட்டியில ஒரு வீட்டுல திறந்து பாத்தப்ப விரல்ல கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டிக்கிச்சு, துடைக்கத் துடைக்க இழுத்துக்கிட்டே வருது, அது கோன் மேல வழிஞ்சிருந்தா ட்வீட்டரே மந்தமாயிடும். அந்த ரெண்டு குமிழும் உள்ள துரு ஏறி, திருப்புனா கரகரன்னு சத்தம், சில சமயம் மிட்டே காணாமப் போயிடும், வாங்கினவரு மிட் எரிஞ்சிடுச்சுன்னு பயந்துக்குவாரு, குமிழைப் பத்துத் தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுத்துனா திரும்ப வந்துடும். கெப்பாசிட்டர் மாத்த வேண்டியிருக்கும், அது சின்ன வேலை, சால்டரிங் தெரிஞ்ச யாரும் ஒரு மதியத்துல முடிச்சிடலாம்.

ஆம்ப் விசயத்துல பழசு சாது. 8 ஓம் (ஓம் குறையக் குறைய ஆம்புக்குப் பாரம் கூடும்), 50 வாட் வரைக்கும்னு அப்பவே எழுதியிருக்காங்க. கம்பெனி பேப்பர்ல சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு எவ்ளோ சத்தம் வரும்ங்கறது, 78 டெசிபல்னு போட்டிருக்கறதைப் பாத்து பயந்துடாதீங்க, அது 15 அடி தூரத்துல அளந்தது, இப்ப எல்லாரும் அளக்குற ஒரு மீட்டர் கணக்குக்கு மாத்துனா 91 பக்கம் வரும். முப்பது நாப்பது வாட் நல்ல ஆம்ப் ஒண்ணு இருந்தா போதும், வீடு அதிரும். வெளிநாட்டுலேருந்து வந்த செட்டுன்னா 110 வோல்ட் பிரச்சனை வருமான்னு கேக்குறாங்க, ஸ்பீக்கருக்குக் கரண்ட்டே குத்தறது இல்ல, அந்தக் கவலை கூட வர்ற ரிசீவருக்குத்தான்.

## புது எல்100 கிளாசிக்

இதுலயும் 12 இஞ்சு வெள்ளை ஊஃபர், 5 இஞ்சு மிட், முன்னாடி ரெண்டு குமிழ், முன்பக்கமே காத்து வந்து போற ஓட்டை, அதாவது போர்ட். ஆனா ட்வீட்டர் 1 இஞ்சு டைட்டானியம் டோம், அதுக்கு முன்னாடி சத்தத்தைப் பரப்பி விடுற குழிவு, வேவ்கைடு. கிராஸ்ஓவர் முழுசா போட்டது, ஊஃபர் 450 ஹெர்ட்ஸ்லயே ஒதுங்கிக்குது, அதுலேருந்து 3500 வரைக்கும் மிட் மட்டும் பாக்குது, அதுக்கு மேல ட்வீட்டர். அதாவது குரல் முழுக்க ஒரே ட்ரைவர் கையில. பழசுல ரெண்டு பேரு சேர்ந்து பாடுன இடத்துல இங்க ஒருத்தர் தனியா பாடுறாரு.

கேட்டா வித்தியாசம் உடனே தெரியும். எண்பதுகள்ல வந்த ராஜா பாட்டுல பேஸ் கிட்டார் தனியா ஒரு பாதையில நடக்கும் பாருங்க, அதைப் பழசுல 'ஏதோ பேஸ் வருது'ன்னு கேப்போம், புதுசுல ஒவ்வொரு நோட்டும் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு எண்ணலாம். வயலின் கூட்டம் காதைக் கிழிக்காது. ஸ்டேஜும் பரவலா இருக்கும், சோஃபாவோட ஓரத்துல உக்காந்தவருக்கும் பாட்டு கிடைக்கும், பழசுல நடுவுல உக்காந்தவரு மட்டும்தான் ராஜா. ஆனா அந்த முகத்துல அடிக்கிற எடுப்பு கொஞ்சம் அடங்கிடும், பழசைக் கேட்டுப் பழகினவங்க புதுசுல உக்காந்தா முதல் பத்து நிமிசம் 'என்ன இவ்ளோ மரியாதையா இருக்கு'ன்னு தோணும். ராத்திரி வால்யூமைக் குறைச்சு வச்சுக் கேட்டா பேஸ் கொஞ்சம் கனமா உக்காரும், சின்ன ரூம்ல மூலைக்குப் பக்கத்துல வச்சுட்டா அது இன்னும் மோசம்.

ஆம்ப் விசயத்துல இது சாது இல்ல. 4 ஓம். கம்பெனி சொல்றது 25லேருந்து 200 வாட். சென்சிட்டிவிட்டி 90 டெசிபல்னு போட்டிருக்கு, அது 2.83 வோல்ட்டுக்கு, 4 ஓம்ல அந்த வோல்ட்டுக்கு ரெண்டு வாட் போகுது, அதனால ஒரு வாட்டுக்குன்னு கணக்குப் போட்டா 87தான். காகிதத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரி தெரியும், நடைமுறையில புதுசு ஆம்ப்கிட்ட ரெண்டு மடங்குக்கு மேல கேக்கும். வீட்டுல ஏற்கனவே டிவிக்கு வச்சிருக்குற ஏவி ரிசீவர்ல மாட்டிக்கலாம்னு தம்பி சொன்னான், அது பின்னாடி 6 ஓம்லேருந்து 16 ஓம்னு அச்சடிச்சிருக்கு, சத்தம் வரும், ஆனா மே மாசம் சேலத்து வெயில்ல ஏசி இல்லாத ஹால்ல அதைக் கொஞ்சம் ஏத்தி வச்சு ஓட்டுனா ரிசீவர் மூடி மேல கை வைக்க முடியாது, ஒரு கட்டத்துல தானே கட்டாகி நிக்கும்.

நம்பர் மட்டும் ஒரே பார்வையில வேணும்னா:

| | பழைய எல்100 | எல்100 கிளாசிக் |
|---|---|---|
| வந்த வருசம் | 1970 | 2018 |
| ஊஃபர் | 12 இஞ்சு, ஆல்நிகோ | 12 இஞ்சு, பேப்பர் கூழ் கோன் |
| ட்வீட்டர் | 1.4 இஞ்சு பேப்பர் கோன் | 1 இஞ்சு டைட்டானியம் டோம் |
| கிராஸ்ஓவர் | ரெண்டு கெப்பாசிட்டர், ஊஃபருக்கு ஒண்ணும் இல்ல | 450 ஹெர்ட்ஸ், 3500 ஹெர்ட்ஸ் |
| இம்பீடன்ஸ் | 8 ஓம் | 4 ஓம் |
| ஆம்ப் | நல்ல 30, 40 வாட் போதும் | 4 ஓம் தாங்குறது, 100 வாட் பக்கம் இருந்தா நிம்மதி |
| ஒரு பெட்டி எடை | 25 கிலோ சுமார் | 26.7 கிலோ |
| கிரில் | கண்டிப்பா மாத்தணும் | இதுவும் ஃபோம்தான், வெயில் ஆகாது |

## விலைச் சீட்டுல இல்லாத செலவு

புதுசு 2018ல அமெரிக்காவுல ஜோடி 4000 டாலர்னு வந்துச்சு, இங்க வரி எல்லாம் ஏறி என்ன ஆகும்னு நீங்களே யூகிச்சுக்கலாம். அதோட முடியல. ஸ்டாண்டு தனிக் காசு, ஜேஎஸ்-120னு சாய்ஞ்ச மாதிரி ஒரு ஸ்டாண்டு, அது இல்லாம தரையில வச்சா ட்வீட்டர் முழங்காலைப் பாத்து பாடும். ஸ்டாண்டுக்கு மட்டும் கம்பெனி பக்கம் போக வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன், நம்ம ஊரு இரும்பு ஊரு, பக்கத்து வெல்டிங் பட்டறையில ஸ்கொயர் பைப்புல அதே சாய்வுல அடிச்சுக் குடுத்துடுவாங்க, அளவை மட்டும் நீங்க வரைஞ்சு குடுக்கணும். பழசுக்கும் அதே ஸ்டாண்டு ஆகும். அப்புறம் ஆம்ப், மேல சொன்னது. இதெல்லாம் போக டெமோ. இவ்ளோ காசு போடற சாமானைக் கேக்காம வாங்கக் கூடாது, அதுக்கு சென்னையோ பெங்களூரோ போய் வரணும், போறப்ப உங்க ஆம்பையும் வண்டியில போட்டுட்டுப் போங்க, கடைக்காரரு வெறிச்சுப் பாப்பாரு, பரவாயில்ல.

பழசோட செலவு வேற மாதிரி ஒளிஞ்சிருக்கும். வாங்குற விலை பாதி, மீதி பாதி சரி பண்றதுக்குன்னு மனசுல எழுதிக்கோங்க. கிரில் ஃபோம் புதுசா வெட்டி விக்கிறாங்க, வெளிநாட்டுலேருந்து வரவழைக்கணும், பெட்டி சைஸுக்குக் கூரியர்காரன் கேக்குறது ஃபோம் விலையை விடக் கூட. ட்வீட்டர் போயிருந்தா இன்னொரு பழைய எல்இ25தான் தேடணும், அப்பவும் ஒண்ணு மட்டும் மாத்துனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பாடாது. ஊஃபர் காயில் எரிஞ்சிருந்தா ரீகோன், அதாவது கோனையும் காயிலையும் புதுசா மாத்துறது. இங்கதான் ரொம்பப் பேரு ஏமாறுறாங்க. மைக் செட்டு ஸ்பீக்கர் ரீகோன் பண்ற ஆளுங்க நம்ம பக்கம் நிறைய, கை சுத்தமான வேலை, திருவிழாவுக்குப் போற ஸ்பீக்கருக்கு அவங்களை விட்டா ஆளில்ல. ஆனா அவங்க கையில இருக்குறது மைக் செட்டுக்கான கெட்டியான கோன், அதை 123ஏ கூட்டுல ஒட்டுனா சத்தம் வரும், எல்100 வராது. ஏன்னா இந்த ஸ்பீக்கர்ல ஊஃபருக்கு ஃபில்டர் இல்லைல, கோனே ஃபில்டர். கோன் மாறுனா குரலே மாறிடும். நான் பாத்த ஒரு ஜோடியில ஒரு பக்கம் ஒரிஜினல், ஒரு பக்கம் அந்த மாதிரி ரீகோன், பாடகர் நடுவுல நிக்காம ஒரு பக்கமா சாஞ்சே நின்னாரு, வித்தவரு கடைசி வரைக்கும் ஒத்துக்கல.

## மேல ஒரு தட்பவெப்பம், கீழ ஒண்ணு

சேலத்துல பிரச்சனை சூடும் காஞ்ச காத்தும். வால்நட் மேல்தோல் ஓரத்துல பிரியும், மேற்கு ஜன்னல் வெயில் விழுற இடத்துல ஃபோம் கிரில் வச்சீங்கன்னா பழசோ புதுசோ ரெண்டும் சீக்கிரம் செத்துடும். பழைய பெட்டி பார்ட்டிகிள் போர்டு, புதுசு எம்டிஎஃப், சூட்டுல ரெண்டும் தாங்கும்.

ஏற்காடு அப்படி இல்ல. 1500 மீட்டர் உசரம், மழை மாசத்துல பனி வீட்டுக்குள்ளயே வந்து உக்காரும், அலமாரியில வச்ச பெல்ட்டுல பூஞ்சை பூக்குற ஊரு. பார்ட்டிகிள் போர்டு ஓரம் ஈரம் குடிச்சா ஊதும், ஒரு தடவை ஊதுனா திரும்பச் சுருங்காது. காந்த இடைவெளியில துரு, டெர்மினல்ல பச்சை, குமிழ்ல கரகரப்பு எல்லாம் அங்க ரெண்டு மடங்கு வேகம். இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க, முன்பக்கம் போர்ட் ஓட்டை இருக்குறதால குளவி உள்ள போய் மண்ணுக் கூடு கட்டிடும், பல்லி முட்டை வைக்கும். ஓட்டைக்குள்ள மெல்லிசா கொசு வலையை உள்பக்கமா ஒட்டிடுங்க, சத்தத்துல வித்தியாசம் தெரியாது. அந்த அண்ணன் வீட்டுல கரண்ட்டும் ஏறி இறங்கும், ஆம்புக்கு முன்னாடி ஒரு ஸ்டெபிலைசர் கட்டாயம்.

இதைப் பாத்தா ஏற்காட்டுக்குப் புதுசுதான்னு தோணும். ஆனா நான் அவருக்குப் பழசைத்தான் சொன்னேன், காரணம் ரூம். கல்லுச் செவுரு இருந்தாலும் மரத் தரை, தடிச்ச கம்பளம், புஸ்தக அலமாரி, உக்காருற இடம் ஸ்பீக்கர்லேருந்து பன்னெண்டு பதிமூணு அடி. அந்தத் தூரத்துல பழைய எல்100ஓட எடுப்பு கரைஞ்சு இதமாயிடும், இந்த ஸ்பீக்கர் அப்படி எட்ட உக்காந்து கேக்கத்தான். அவருகிட்ட இருக்குறதும் பழைய 8 ஓம் ஆம்ப். கேக்குறது நாதஸ்வரம், பழைய கச்சேரி ரெக்கார்டு, கொஞ்சம் டிஎம்எஸ். வருசம் முழுக்க அங்கயே இருக்குறவரு, தினமும் போடுவாரு, போட்டுக்கிட்டே இருந்தா ஈரமும் அவ்ளோ ஏறாது. இதே அவரு சனி ஞாயிறு மட்டும் மலைக்கு வந்து போற ஆளா இருந்தா பழசை வாங்கிப் பூட்டி வைக்காதீங்கன்னு கறாரா சொல்லியிருப்பேன்.

தம்பிக்கு நேர் எதிர். வழுவழு டைல்ஸ் தரை, ஒரு பக்கம் முழுக்க கண்ணாடி, கைதட்டுனா எதிரொலி வருது. அதுல பழசை வச்சா ஏழு அடியில உக்காந்து கேக்க முடியாது, பாட்டு மூஞ்சிலயே அறையும். கேக்குறதும் ராஜா, ரஹ்மான், இப்ப வர்ற பாட்டு, எல்லாம் ஸ்ட்ரீமிங். கை வைக்கத் தெரியாது, தெரிஞ்ச ஆளும் இல்ல. அவனுக்குப் புதுசு. ஆனா அந்த ரிசீவரோட இல்ல, 4 ஓம் தாங்குற ஸ்டீரியோ ஆம்ப் வாங்குற வரைக்கும் ஸ்பீக்கரை ஆர்டர் பண்ணாதேன்னு சொல்லியிருக்கேன். தரைக்கு ஒரு ஜமுக்காளம், கண்ணாடிக்குக் கனமான திரை, இது ரெண்டும் ஸ்பீக்கருக்கு முன்னாடியே வாங்கணும்.

## யாருக்கு எது, சுருக்கமா இல்ல, நேரா

கீழ்வீட்டுக்காரங்க இருக்குற ஃப்ளாட்டு, எட்டு அடிக்குள்ள உக்காருறவங்க, எல்லா வகைப் பாட்டும் கேக்குறவங்க, வாரண்டி வேணும்னு நினைக்கிறவங்க, எல்லாரும் புதுசுப் பக்கம். சால்டரிங் அயர்னைப் பாத்தா கை துறுதுறுங்குறவங்க, பெரிய ரூம், குறைஞ்ச வாட் ஆம்ப், குரலும் தாளமும்தான் உசுருன்னு இருக்குறவங்க பழசுப் பக்கம். முதலீடா வாங்கி வைக்கலாமான்னு ஒருத்தர் கேட்டாரு, அந்தப் பக்கம் நான் வரல, அதுக்குத் தங்கம் இருக்கு.

ரெண்டுமே ஒத்து வரலைன்னா நடுவுல ஒரு வழி உண்டு. அதே குடும்பத்துல 2020ல எல்82 கிளாசிக் வந்துச்சு, 8 இஞ்சு ஊஃபர், டூ-வே (மிட் இல்லாம ரெண்டே ட்ரைவர்), அதே ஃபோம் மூஞ்சி. பன்னெண்டுக்குப் பதினாலு ஹாலுக்கு உண்மையைச் சொன்னா அதுதான் பொருத்தம், பேஸ் சண்டை பாதி குறையும். தம்பிக்கு இதைச் சொன்னேன், 12 இஞ்சு இல்லைன்னா அது எல்100 இல்லையேன்னான். அது சரி. இன்னொரு பக்கம் அந்த ஸ்டுடியோ 4310 வம்சம் 4311, 4312னு இன்னிக்கும் போய்க்கிட்டு இருக்கு, ஃபோம் கிரில்லு மேல மோகம் இல்லாதவங்க 4312 பக்கமும் ஒரு பார்வை பாக்கலாம்.

## பழசு பாக்கப் போறீங்கன்னா

முதல்ல மாடல் நம்பர். எல்100டின்னு ஒண்ணு எண்பதுகள்ல வந்துச்சு, உசரமான டவர், டைட்டானியம் ட்வீட்டர், ஊஃபரோட சுத்து வளையம் ஃபோம், அது முழுக்க வேற ஸ்பீக்கர். விக்கிறவரு எல்100னுதான் சொல்லுவாரு, போட்டோ கேளுங்க.

நேர்ல போறப்ப ஒரு மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூ ட்ரைவர், ஒரு பேட்டரி, நல்லாத் தெரிஞ்ச ஒரு மோனோ பாட்டு (ரெண்டு பெட்டியிலயும் ஒரே சத்தம் வர்றது). கிரில்லைக் கழட்டி ஊஃபர் கோனை நாலு விரல்ல சமமா மெதுவா உள்ள அமுக்குங்க, உரசல் சத்தம் வந்தா காயில் சாஞ்சிருக்கு. ஊஃபரைக் கழட்டிப் பின்னாடி நம்பரைப் படிங்க, ரெண்டுலயும் ஒரே நம்பரான்னு பாருங்க. பின் டெர்மினல்ல மீட்டரை வச்சா ஊஃபர் வழியா அஞ்சு ஆறு ஓம் பக்கம் காட்டும், ஒண்ணுமே காட்டலைன்னா காயில் போச்சு. மிட்டும் ட்வீட்டரும் கெப்பாசிட்டருக்குப் பின்னாடி இருக்குறதால டெர்மினல்ல அளந்தா தெரியாது, அதுங்களோட காலுலயே நேரா வச்சுப் பாக்கணும்.

பேட்டரி எதுக்குன்னா, ஒன்றரை வோல்ட்டு செல்லோட பிளஸ்ஸை சிவப்பு டெர்மினல்ல ஒரு நொடி தொட்டா சாதாரண ஸ்பீக்கர்ல கோன் வெளிய வரும், பழைய ஜேபிஎல்ல உள்ள போகும். அந்தக் காலத்துல அவங்க போலாரிட்டி அப்படித்தான், அதைப் பாத்து ஸ்பீக்கர் கெட்டுடுச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஆனா ரெண்டு பெட்டியும் ஒரே பக்கம் போகணும். ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளியன்னா யாரோ நடுவுல கை வச்சு வயரை மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம், பேரத்தை அங்கேருந்து ஆரம்பிங்க. கடைசியா மோனோ பாட்டைப் போட்டு நடுவுல உக்காருங்க, குரல் ரெண்டு பெட்டிக்கும் நட்ட நடுவுல நிக்கலைன்னா, குமிழைச் சுத்தியும் நிக்கலைன்னா, எழுந்து வந்துடுங்க.

வாங்கியாச்சுன்னா பஸ் பார்சல்ல போடாதீங்க. காருல பின் சீட்டுல நிமித்தி வச்சு சீட் பெல்ட் போட்டு, கிரில்லைத் தனியா அட்டையில வச்சு எடுத்துட்டு வாங்க. ஏற்காட்டுக்கு ஏத்தறதா இருந்தா 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, ரெண்டு பெட்டிக்கும் நடுவுல ஒரு தலகாணி.